பாலேஸ்வரியின் பிறசர்

"இருநூறு!" என்றார் டொக்டர் ஹெக்டர், இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டியைக் கழற்றியபடி.

பாலேஸ்வரி சும்மா இருந்தாள். பக்கத்தில் நின்ற கணவர் நமசிவாயத்துக்குத்தான் வியர்த்துக் கொட்டியது.

"போன கிழமை நூற்றெழுபதெல்லோ? குளிசை ஒழுங்காய்ப் போடுறியளோ?"

"ஓம் ஐயா, தவறாமல் போடுறன்."

"அப்ப வீட்டிலை என்ன யோசனை?"

போன கிழமை, "இவவுக்கு யோசனை குறைய வேணும்" என்று டொக்டர் சொன்னதை நமசிவாயம் வேதவாக்காக எடுத்துக்கொண்டிருந்தார். முதல் வேலையாகச் செய்தியை ஒழித்தார். சண்டையால் மானிப்பாயில் கரண்ட் இல்லாமல் போய் எவ்வளவோ காலம். சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைச் சுற்றினால்தான் டைனமோவில் ரேடியோ பேசும். அந்த ரேடியோவைக் கொண்டுபோய்ப் பரணில் போட்டார்.

ஆனால் செய்தி கேளாமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பின்னேரமானதும் பக்கத்து வீட்டு மார்க்கண்டுவிடம் ஓடினார். செய்தியைக் கேட்டுவிட்டுப் பேயறைந்த முகத்தோடு திரும்பினார். பாலேஸ்வரி வாசலில் நின்று அந்த முகத்தைப் பார்த்தாள். ஒரே மகன் கொழும்பில் இருந்தான்.

"என்னப்பா, தம்பிக்கு ஏதுமோ?"

"ஒண்டுமில்லை! நீர் யோசியாதையும்!"

அவர் போட்ட சத்தத்தில் அவள் இன்னும் யோசித்தாள்.

அடுத்ததாக, "அவவுக்குக் கெட்ட சேதி ஒண்டும் சொல்லிப்போடாதையுங்கோ" என்று அயலெல்லாம் சொல்லிவைத்தார். அயலவர்கள் ஒவ்வொருவராக வந்து, பேசாமல் இருந்து, அவள் கையைத் தடவிவிட்டுப் போனார்கள். மார்க்கண்டுவின் மனைவி ஒரு சீப்புக் கதலியோடு வந்து, "கடவுள் இருக்கிறார், அக்கா" என்று சொல்லி விக்கி விக்கி அழுதாள். மகன் போய்விட்டான் என்றே பாலேஸ்வரி முடிவுகட்டி அழுது குழறத் தொடங்கினாள். நமசிவாயம் நல்லூர்க் கந்தன்மேல் சத்தியம் பண்ணித்தான் அவளை அடக்கினார். அதன்பிறகு அவள் மத்தியானம் கண்ணயர்ந்தாலும் மூச்சு வருகிறதா என்று மூக்கின்கீழ் விரல் வைத்துப் பார்த்தார். அவள் அலறியடித்து எழும்பினாள்.

இதெல்லாம் சேர்ந்துதான் இருநூறு.

டொக்டர் அவளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "இது பதகளிப்பு" என்றார். "மனம் பதகளிச்சாப் பிறசர் ஏறும். பிறசர் ஏறினால் மனம் இன்னும் பதகளிக்கும். உப்பிடியே விட்டால் பாரிசவாதத்திலை கொண்டுபோய் விடும். ரெண்டுக்கும் சேர்த்துத்தான் மருந்து குடுக்க வேணும்."

"விசருக்குக் குடுக்கிற குளிசையோ? அவவுக்குப் பைத்தியமோ?" நமசிவாயம் அவளுக்குக் கேட்டுவிட்டதோ என்று வாசலை எட்டிப் பார்த்தார்.

"விசரில்லை, ஐயா. முதுகு நாரிக்கு வருத்தம் வாறமாதிரி மனதுக்கும் வரும்."

அவர் வெளியே வந்ததும் பாலேஸ்வரி, "என்ன குளிசை தந்தவர்?" என்று கேட்டாள்.

"வி... விற்றமின். பின்னேரத்திலை ஒண்டு போடட்டாம்."

"குளிக்கச் சவர்க்காரமே கிடையாத காலத்திலை விற்றமினோ!" என்று வியந்து, அவள் அதை முந்தானையில் பத்திரமாக முடிந்துகொண்டாள்.

ஒரு மாதத்தில் வீடே மாறிப்போனது. பாலேஸ்வரி சிரித்தாள், வயிறாரச் சாப்பிட்டாள். நமசிவாயம் மார்க்கண்டு வீட்டுப் பக்கமே போகவில்லை. மேலே ஹெலிகொப்டர் இரைந்தால்கூட, "அது போகும்" என்று சொல்லிச் சாய்மனைக் கதிரையில் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார். மனிசி சுகமாக இருந்தால் தனக்கு என்ன குறை என்று நினைத்துக்கொண்டார்.

"நூற்று நாற்பது!" என்றார் டொக்டர்.

நமசிவாயத்துக்குக் கண் கலங்கிவிட்டது. கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பையை மேசையில் வைத்துக் கைகூப்பினார். "டொக்டர், என்ரை மனிசியைத் திருப்பித் தந்திட்டியள். இவ இல்லாட்டி எனக்கு ஒரு தேத்தண்ணி ஊத்தவும் தெரியாது. இந்த நன்றியைச் சாகுமட்டும் மறக்கமாட்டன்."

டொக்டர் சிரித்துக்கொண்டே பாலேஸ்வரியிடம் திரும்பினார். "நான் கடைசியாய்த் தந்த குளிசை முடிஞ்சுதோ, அம்மா?"

"முடிஞ்சுது ஐயா, உங்களுக்குக் கோடி புண்ணியம்! மெலிஞ்சுபோன மனுசன், தந்தால் வேண்டாமெண்டுவார் எண்டு, அந்த விற்றமினை நாளும் பின்னேரத்திலை இவரின்ரை தேத்தண்ணிக்குள்ளைதான் கரைச்சுக் குடுத்தனான். இவர் அடங்கினாப்பிறகுதானே எனக்கும் நித்திரை வந்தது!"