ஓட்டைக் குழாயும் சின்னக் கடிகாரமும்

அனுப்பிய பிறகுதான் அவர் குரூப்பின் பெயரைப் பார்த்தார். ‘அனைவரும்’ என்று இருந்தது.

அனைவரும் என்றால் அனைவரும்தான். மேனேஜர் இருக்கிறார், பில் போடும் பெண் இருக்கிறாள், கிளைக் குடோன் ஆட்கள் இருக்கிறார்கள், எல்லாருக்கும் மேலே ஹெட் ஆபீஸில் இருக்கும் முதலாளியும் இருக்கிறார். கிளைக் குடோனில் வேலை பார்க்கும் மச்சானுக்கு மட்டும் போக வேண்டிய செய்தி, அத்தனை பேர் நடுவிலும் போய் உட்கார்ந்திருந்தது.

“மச்சான், எங்க மேனேஜர் ஒரு ஓட்டைக் குழாய். திறந்தா மூடத் தெரியாது. முதலாளி முன்னாடி மட்டும் ஒரு சொட்டு வராது. இந்த ஆளுகிட்ட போய் மாறுதலுக்குப் பல்லைக் காட்டிட்டு நிக்கறேன் பாரு, என் தலையெழுத்து!”

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். செய்தியின் ஓரத்தில் ஒரு சின்னக் கடிகாரம் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னும் போகவில்லை! ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்த அந்த மெசேஜ் ஆப் நல்ல நாளிலேயே எதையும் கொஞ்ச நேரம் மென்றுவிட்டுத்தான் அனுப்பும். இன்று என்னவோ மென்றுகொண்டே இருந்தது.

அவர் அந்தக் குழாய் கம்பெனியில் ஸ்டாக் குமாஸ்தா. ஒருமுறை செத்துக் கிடந்த பிரிண்டரை இரண்டு தட்டுத் தட்டி எழுப்பிவிட்டார். அது எப்படி எழுந்தது என்று இன்றுவரை அவருக்கே தெரியாது. ஆனால் அன்றிலிருந்து ஆபீஸில் அவர் பெயர் டாக்டர். மவுஸ் நகராவிட்டாலும் டாக்டர், மின்விசிறி சத்தம் போட்டாலும் டாக்டர்.

அவர் மனைவி வேறு ஊரில் நர்ஸ். பெண் குழந்தை அவளோடு. வாரக் கடைசியில் போய் இறங்கினால், “அப்பா, இன்னிக்கே போயிடுவியா?” என்றுதான் குழந்தை வரவேற்கும். அந்த ஊர்க் கிளைக்கு மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தார். “ஹெட் ஆபீஸ்லேர்ந்து பதிலே வரலை டாக்டர். நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்” என்பார் மேனேஜர். அந்த மனிதர் சிபாரிசு செய்தால்தான் உண்டு. இந்தச் செய்தியைப் படித்துவிட்டு எந்த மனிதர் சிபாரிசு செய்வார்?

அவசரமாகச் செய்தியை அழுத்தினார். ஏதோ பட்டியல் விரிந்தது. கீழே இருந்ததைத் தட்டினார். அது ‘மீண்டும் அனுப்பு’.

இப்போது திரையில் இரண்டு ஓட்டைக் குழாய்கள். இரண்டு கடிகாரங்கள்.

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் எல்லாம் மறந்துவிடும் என்று தோன்றியது. அணைத்துப் போட்டார். அது மறக்கவில்லை. வந்ததும் வராததுமாக இன்னொரு முறை முயன்று பார்த்துவிட்டு, மூன்றாவதாக ஒன்றையும் வரிசையில் நிறுத்தியது.

“டாக்டர், எனக்கு ஒரு மெசேஜும் போக மாட்டேங்குதே!” என்று பில் போடும் பெண் குரல் கொடுத்தாள். “காலையிலேர்ந்து எல்லாம் அப்படியே நிக்குது. கொஞ்சம் வந்து பாருங்களேன்.”

“அவசரமா?”

“அவசரம்தான். ஹெட் ஆபீஸே போன் பண்ணி, என்னம்மா எல்லாரும் செத்துட்டீங்களான்னு கேக்கறாங்க.”

அதற்குள் மேனேஜரே அறையை விட்டு வந்துவிட்டார். முகம் வெளிறியிருந்தது. வேலை நின்றுபோன கோபத்தில்தான் இப்படி வெளிறியிருக்கிறது என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

“டாக்டர், இது... சரியாயிடுமா?”

“பாக்கறேன் சார்.”

“இல்ல, கண்டிப்பா சரியாயிடுமா? இன்னிக்கேவா?”

“முயற்சி பண்றேன் சார்” என்று சொல்லிவிட்டு டாக்டர் எழுந்து நடந்தார்.

சாமான் அறையில், பழைய விளம்பர அட்டைகளுக்குப் பின்னால்தான் இணையப் பெட்டி இருந்தது. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அதுவே உயிர்நாடி. குனிந்து பார்த்தார். பெட்டியின் முதுகிலிருந்து நீல ஒயர் ஒன்று கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. எலியோ, துடைப்பமோ, எதுவோ ஒரு புண்ணியவான் வேலை. செருகினால் ஒரே நொடியில் எல்லாம் சரியாகும். சரியானால் இவர் வாழ்க்கை சரிந்துவிடும்.

பின்னால் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. திரும்பினார். கதவோரத்தில் மேனேஜர் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன டாக்டர், எதாவது... கண்ணுல பட்டுச்சா?”

டாக்டர் சட்டென்று ஒயரை முதுகால் மறைத்தார். “பெட்டியே போச்சு சார்.”

“முழுசாவா?”

“முழுசா.”

“நிச்சயமா?”

“இனிமே உயிர் வராது சார்.”

மேனேஜர் அவர் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். தன் அறைக்குத் திரும்பிப் போய்விட்டார். அந்தப் பிடியில் எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது. இவ்வளவு கோபத்தை இந்த மனிதர் எங்கே வைத்திருந்தார் என்று டாக்டர் பயந்தார். பயத்தோடு பயமாக நீல ஒயரின் மறுமுனையையும் சுவரிலிருந்து கழற்றி, சுருட்டி, தன் சாப்பாட்டுப் பைக்குள் தள்ளினார்.

நிம்மதியாக நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் பில் போடும் பெண் சிரித்துக்கொண்டே வந்தாள்.

“பெட்டி போச்சுன்னு நான் ஹெட் ஆபீஸுக்குச் சொல்லிட்டேன் டாக்டர். முதலாளி உடனே மெக்கானிக்கை அனுப்பறாராம். நீங்க பாவம், எத்தனையைத்தான் பாப்பீங்க!”

உபகாரம் செய்துவிட்ட திருப்தியில் அவள் முகம் மலர்ந்திருந்தது. டாக்டருக்கு அழுகை வந்தது.

மெக்கானிக் வந்தான். தோளில் பெரிய பை. பெட்டியை நிமிர்த்தினான், காதருகே வைத்து ஆட்டினான், மறுபடி வைத்தான்.

“யார் சொன்னது பெட்டி போச்சுன்னு? இது கல்லு மாதிரி இருக்கு. ஒயரைத்தான் காணோம்.”

“ஒயரா?” என்றார் டாக்டர்.

“ஒயரா?” என்றார் மேனேஜரும், அதைவிடச் சன்னமாக.

“வண்டியில ஒண்ணு வெச்சிருக்கேன். எடுத்துட்டு வந்து மாட்டினா முடிஞ்சது.”

“அப்ப இவ்வளவு நேரம் நின்னுபோன மெசேஜ் எல்லாம்?” என்று கேட்டார் டாக்டர்.

“கவலையே படாதீங்க சார். ஒண்ணுகூடத் தொலையாது. தேங்கினது பூராவும் தானாவே போயிடும்.”

ஆறுதல் சொன்ன நினைப்பில் அவன் வண்டியைப் பார்க்கப் போனான். மேனேஜர் அவன் பின்னாலேயே ஓடினார்.

டாக்டர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வாசலில் மேனேஜர் மெக்கானிக்கின் கையைப் பிடித்து நிறுத்தி, கண்ணாடி அலமாரியில் இருக்கும் குழாய் வகைகளை ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தார். எது வலப்பக்கம் திருகுவது, எது இடப்பக்கம் திருகுவது, எதற்கு வாஷர் தேவையில்லை. அவன் நகரப் பார்த்தான். அவர் விடவில்லை. அந்த ஓயாத வாய்க்கு டாக்டர் ஜென்மத்தில் முதல்முறையாக நன்றி சொன்னார்.

கிடைத்த நேரத்தில் சாமான் அறைக்குப் பாய்ந்தார். ஒயரை ஒளித்து வைத்தும் பயனில்லை, பெட்டியையே தீர்த்துக்கட்ட வேண்டும். அங்கே தரை துடைக்கும் அக்கா குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பக்கெட் நிறைய அழுக்குத் தண்ணீர். டாக்டர் ஒன்றும் யோசிக்கவில்லை. பக்கெட்டைத் தூக்கினார்.

அக்கா ஒரே எட்டில் வந்து பக்கெட்டின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

“என்ன தம்பி பண்றீங்க? கரண்ட் பெட்டி மேல தண்ணியா? ஆபீஸோட போய்ச் சேரணுமா எல்லாரும்?”

“விடுங்க அக்கா! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

“விட மாட்டேன். முதல்ல என்னன்னு சொல்லுங்க.”

தண்ணீர் இருவர் காலிலும் தளும்பியது. டாக்டருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. மச்சானுக்கு எழுதியது, மூன்றாகப் பெருகியது, சாப்பாட்டுப் பையில் ஒயர், இன்னிக்கே போயிடுவியா என்று கேட்கும் குழந்தை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். “மேனேஜர் அதைப் படிச்சார்னா மாறுதல் கனவுலகூடக் கிடைக்காது அக்கா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

வாசலில் பேச்சு நின்றுவிட்டிருந்தது. மெக்கானிக்கின் செருப்புச் சத்தம் நெருங்கியது.

அக்கா பக்கெட்டைத் தன் பக்கம் இழுத்துக் கீழே வைத்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நல்லாயிருக்கு போங்க! காலையில இதே இடத்துல மேனேஜர் ஐயாவும் இப்படித்தான் கும்பிட்டாரு. ‘டாக்டர் மாறுதலுக்கு ஹெட் ஆபீஸ் சம்மதிச்சு ஒரு மாசமாச்சு, அவரை விட்டா இங்க வேலை ஓடாதுன்னு நான்தான் மறைச்சு வெச்சிருக்கேன்’னு வீட்டுக்காரம்மாவுக்கு எழுதினதைத் தெரியாம குரூப்ல போட்டுட்டாராம், அது போறதுக்குள்ள ஓடி வந்து அந்த நீல ஒயரைப் பிடுங்கினதே அவருதானே!”