படிமப் பாதுகாப்பு உபகுழு

பாரிஸில், ரூ காய் என்ற தெருவில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் இயங்கிவருகிறது லா சப்பல் அனைத்துத் தமிழர் பண்பாட்டு ஒன்றிணைப்புச் சபை. அந்தச் சபையிடம் ஒரு கணினி இருந்தது. பதினாறு வருடம் அரும்பணியாற்றிய அக்கணினி, கடந்த மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, தலைவர் அறிக்கை அடித்துக்கொண்டிருக்கும்போதே உயிர்நீத்தது. சபை எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காத்தது. உறுப்பினர் பதிவேடு முழுவதும் அதற்குள்தான் இருந்தது என்பது மௌனம் முடிந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நல்ல வேளையாக மிருணாளினி என்றொருத்தி இருந்தாள். பகலில் ஒரு பெரிய கம்பனியின் சேர்வர்களைக் கட்டி மேய்ப்பவள். கணினி இருமத் தொடங்கியபோதே அதன் வன்தட்டை அப்படியே ஒரே கோப்பாகப் பிரதியெடுத்து, ஒரு வெளித்தட்டில் போட்டு, சபையின் இரும்பு அலுமாரியில் வைக்கக் கொடுத்திருந்தாள். இதை வட்டுப் படிமம் என்பார்கள். உரிய கருவிகள் இருந்தால், செத்த கணினியை வேறொரு மடிக்கணினிக்குள் மெய்நிகராக எழுப்பிவிடலாம். கருவிகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கும்படி, பலர் சேர்ந்து எழுதி, ஊருக்குப் பொதுவாக விட்ட கருவிகள்.

இருபது நிமிட வேலை. மிருணாளினி ஞாயிறு காலை பதினொரு மணிக்கு வந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று தாயிடம் சொல்லியும் இருந்தாள். படித்த பிள்ளை, ஆனாலும் சபை என்றால் என்னவென்று மறந்துபோயிருந்தாள்.

அவளை வரச்சொல்லிக் கெஞ்சியவள் இம்மாகுலேற். அலுவலகங்களைத் துப்புரவு செய்கிற மன்னார்ப் பெண். பிரான்சில் பத்து வருடத்துக்கு மேல் இருக்கிறேன் என்று வருடத்துக்கு வருடம் தாள் காட்டினால் அவளுக்கு வதிவிட அனுமதி கிடைக்கும். எல்லா வருடத்துக்கும் தாள் இருந்தது, இரண்டாயிரத்துப் பதினைந்தைத் தவிர. அந்த வருடம் பாரிஸுக்குப் பக்கத்து ஒபர்வில்லியேயில் ஒரு பண்டகசாலையில் சம்பளத் துண்டு துணுக்கில்லாமல் வேலை செய்தாள். அந்த வருடத்துக்கு அவளைத் தெரிந்த ஒரே நிறுவனம் இந்தச் சபைதான். அனுமதி கொடுக்கும் அரச அலுவலகமான ப்ரெபெக்த்தூரில் அவளுக்குக் கிடைத்த ரொந்தேவூவுக்கு, அதாவது சந்திப்புக்கு, இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

"இந்தக் கருவியை ஆர் செய்தது?" என்று கேட்டார் தலைவர் கரிகாலன்.

"கனபேர் அண்ணை. ஆயிரக்கணக்கான ஆக்கள் சேர்ந்து எழுதினது."

"தலைவர் ஆர்?"

"அப்பிடி எங்கட மாதிரித் தலைவர் எண்டு ஒருத்தரும் இல்லை."

"செயலாளர்?"

"இல்லை அண்ணை."

கரிகாலன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "தலைவரும் இல்லையாம், செயலாளரும் இல்லையாம். ஆயிரம்பேர் சண்டை பிடிக்காமல் ஒண்டாய் வேலை செய்யினமாம். இதை நாங்கள் நம்ப வேணுமாம்."

சபையின் முப்பது வருட அனுபவத்தில் இது நடக்கக்கூடிய காரியமே அல்ல. ஆகவே கருவியில் ஏதோ சூது இருக்கிறது என்று ஏகமனதாக முடிவாயிற்று. செயலாளர் தவரத்தினம் தலைமையில், பொருளாளர் யூலியன் அங்கத்தவராக, படிமப் பாதுகாப்பு உபகுழு அன்றே நிறுவப்பட்டது. கருவியை நிறுவ நேரம் போதவில்லை.

"பாதுகாப்புத்தான் வேணுமெண்டா அதுக்கு முறை இருக்கு அண்ணை," என்றாள் மிருணாளினி பொறுமையாக. "சொந்த இணையத்தளத்திலை இருந்து மட்டும் இறக்க வேணும். இறக்கினது கலப்படமில்லாததோ எண்டு சரிபார்ப்புத் தொகையை ஒத்துப்பாக்க வேணும். படிமத்தை வாசிக்க மட்டும் திறக்க வேணும், ஒரு எழுத்தும் மாறாது. அவ்வளவுதான்."

தவரத்தினம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். அவர் குறிப்பெடுக்கத் தொடங்கினால் நல்லதுக்கில்லை என்பது ரூ காயில் கறிவேப்பிலை விற்பவனுக்கும் தெரியும்.

உபகுழுவின் முதலாவது கட்டளை: கருவி வருமுன்னர் படிமம் காக்கப்படவேண்டும். அதன்படி வெளித்தட்டுக்குக் கடவுச்சொல் போடப்பட்டது. ஒருவரை ஒருவர் நம்புவது சபையின் யாப்பில் இல்லாதபடியால், கடவுச்சொல் மூன்று துண்டாக்கப்பட்டது. தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் தத்தம் துண்டை மற்றவர்கள் சுவரைப் பார்த்து நிற்கையில் தட்டினார்கள். பிறகு அவற்றை மூன்று உறைகளில் எழுதிப் போட்டு, ஒட்டி, முத்திரை குத்தி, அலுமாரியில் பூட்டினார்கள். பொதுச்சபைத் தீர்மானம் இன்றி உறைகளை உடைக்கலாகாது என்பது இரண்டாவது கட்டளை.

அடுத்த ஞாயிறு சரிபார்ப்புத் தொகைக்கு ஒதுக்கப்பட்டது. அறுபத்துநான்கு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளச் சரம் அது. கணினியே ஒத்துப்பார்த்து ஒரு நொடியில் சொல்லிவிடும் என்றாள் மிருணாளினி.

"திருடனையே சாட்சிக்குக் கூப்பிடுறியோ பிள்ளை?" என்றார் தவரத்தினம்.

ஆகவே அவர் வாசிக்க, யூலியன் எழுதினார். யூலியன் ஆர்ஜொந்தெய்யிலிருந்து ரயிலேறி வருபவர், எண்களைப் பிரெஞ்சில்தான் கேட்டுப் பழக்கம். தொண்ணூற்றேழைத் தவரத்தினம் பிரெஞ்சில் சொல்ல, அந்த மொழியில் அதன் பெயரே நாலு-இருபது-பத்து-ஏழு என்பதால், யூலியன் அதை நாலு, இருபது, பத்து, ஏழு என்று வரிசையாக எழுதினார். முடிவில் சரம் அறுபத்துநான்கில் நிற்காமல் அறுபத்தெட்டுக்குப் போய்விட்டது. கருவியில் நாலு எழுத்துக் கலப்படம் இருப்பதாக உபகுழு பதிவுசெய்தது. ஐந்தாம் தடவை வாசித்தபோது சரி வந்தது. அதற்குள் கடை பூட்டுகிற நேரமாகிவிட்டது.

இம்மாகுலேற் கதவோரம் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். "பிள்ளை, உவையள் என்னைக் கொண்டுபோய்ப் பிளேனில ஏத்திப்போட்டுத்தான் விடுவினம் போல," என்றாள். மிருணாளினிக்கு அந்த மூன்று பேரையும் அலுமாரிக்குள் தள்ளிப் பூட்டவேண்டும் போலிருந்தது.

மூன்றாம் ஞாயிறு பொதுச்சபை கூடியது. ரொந்தேவூவுக்கு நாலே நாள். கருவி நிறுவியாயிற்று, உறைகளை உடைக்கத் தீர்மானம் மட்டும்தான் தேவை. கரிகாலன் யாப்பை விரித்தார்.

"தீர்மானத்துக்குக் கோரம் வேணும், கூட்டத்துக்குக் குறைஞ்சது இத்தினை பேர் வரவேணும் எண்ட கணக்கு. மொத்த உறுப்பினரில் மூண்டில ஒரு பங்கு."

"மொத்தம் எத்தினை பேர்?" என்று கேட்டாள் மிருணாளினி.

"அது பதிவேட்டிலை இருக்கு."

"பதிவேடு?"

"படிமத்துக்குள்ளை."

இவ்வளவு பாதுகாப்பான படிமம் பாரிஸிலேயே வேறு எந்தச் சங்கத்திடமும் இருக்காது என்ற பெருமிதம் சில முகங்களில் வெளிப்படையாகவே தெரிந்தது. தவரத்தினம் மெல்லக் கைதட்டவும் செய்தார்.

மிருணாளினிக்கு வந்த கோபத்தில் மூளை வேலை செய்தது. "அண்ணை, கூட்டம் நிறைஞ்சுதோ எண்டு உலகத்திலை எல்லாரும் எப்பிடிப் பாக்கிறவை? கதிரை நிறைஞ்சா கூட்டம் நிறைஞ்சுது. யாப்பிலை அதுக்குத் தடை இருக்கோ?"

யாப்பு முழுவதும் வாசிக்கப்பட்டது. தடை இல்லை. கதிரைகள் எண்ணப்பட்டன: நாற்பது. ஆட்கள் எண்ணப்பட்டார்கள்: முப்பத்தெட்டு. கோரம் போதாது என்று கரிகாலன் துக்கத்தோடு அறிவித்தார். இம்மாகுலேற் எழும்பினாள். வெறுமையாகக் கிடந்த இரண்டு கதிரைகளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படிக்கட்டில் வைத்துவிட்டு வந்தாள். கோரம் நிறைந்தது. தீர்மானம் நிறைவேறியது. உறைகள் உடைபட்டன.

மடிக்கணினியோடு பொருத்திய வெளிச்சக்கருவி சுவரில் விழுத்திய வெளிச்சத்தில், செத்த கணினி கண் விழித்தது. கூட்டம் ஆரவாரித்தது. மிருணாளினி பதிவேட்டைத் திறந்து, இரண்டாயிரத்துப் பதினைந்துக்குப் போய், இம்மாகுலேற்றின் பெயரைத் தேடி எடுத்தாள். முப்பத்தெட்டுப் பேரும் ஒன்றாக வாசித்தார்கள்.

"இம்மாகுலேற்: கனடா போய்விட்டார். இனி வரமாட்டார்."

இம்மாகுலேற் மிருணாளினியின் பக்கத்துக்கு ஓடினாள். "ஐயோ பிள்ளை," என்று மிருணாளினியின் காதுக்குள் சொன்னாள், "கலைவிழாவுக்குக் கதிரை தூக்க வரச்சொல்லிப் போன் எடுத்தவை. நாள் முழுக்க வேலை செய்துபோட்டு வந்த களை. வாய்க்கு வந்ததைச் சொல்லிப்போட்டன். நான் ஒபர்வில்லியேயைத் தாண்டியே போகேல்லை!"

அந்நாளைய செயலாளர் மடுத்தீன். எவரையும் சந்தேகிக்கத் தெரியாத மனிதர். கலைவிழாவுக்கு ஆள் சேர்க்க ஒவ்வோர் உறுப்பினருக்கும் தொலைபேசி எடுத்து, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே பதிந்துவைத்திருந்தார். சும்மா அடுத்த வரியைப் பார்க்கலாமே என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். யூலியன்: நோர்வேயில் குடியேறிவிட்டார். தவரத்தினம்: இடுப்பில் சத்திரசிகிச்சை, இந்த வருடத்தில் மூன்றாவது. கரிகாலன்: காலமானார், தகவல் தந்தவர் மனைவி. பதிவேட்டின்படி, அந்த வருடம் இருநூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்களில் பாரிஸில் உயிரோடும் உடல்நலத்தோடும் இருந்தவர் மடுத்தீன் ஒருவரே. அவ்வளவு கதிரையையும் அந்த மனிதர் தனியாகத் தூக்கியிருக்கிறார்.

மிருணாளினி சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்தை உருட்டினாள். மிருணாளினி: மேற்படிப்புக்காக அவுஸ்திரேலியா பயணம். வெளிச்சக்கருவி உடனே அணைந்தது. வெப்பம் கூடிவிட்டது என்றாள் மிருணாளினி.

"அந்த ஒரு வரியை மட்டும் மாத்தேலாதோ?" என்று இம்மாகுலேற் கெஞ்சினாள்.

"வாசிக்க மட்டும்தான் அக்கா திறந்தது. நான்தான் அப்பிடிச் செய்தனான்."

இருட்டில் காலஞ்சென்ற கரிகாலனின் குரல் கேட்டது. "சபையோரே, நான் ஆரம்பத்திலேயே சொன்னன், இந்தக் கருவி ஆபத்தானது."

இந்தத் தடவை யாரும் கோரம் கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தில் தீர்மானம் எழுதப்பட்டது. மேற்படி படிமத்தின் பாதுகாப்பைக் கருத்தில் கொண்டு, இன்றுமுதல் அதில் எழுதலாம், வாசிக்கலாகாது. கைகள் உயர்ந்தன. முதலில் உயர்ந்த கை இம்மாகுலேற்றுடையது, இரண்டாவது மிருணாளினியுடையது. படிமத்தின் பொறுப்பாளராக அவளே தெரிவுசெய்யப்பட்டாள்.

பிறகு இம்மாகுலேற்றுக்கு ஒரு அத்தெஸ்தாசியோன், அதாவது சான்றுக் கடிதம், எழுதப்பட்டது. இரண்டாயிரத்துப் பதினைந்தாம் ஆண்டுக்குரிய எமது பதிவேட்டில் அம்மையாரின் பெயர் உள்ளது என்றும், பாதுகாப்புக் காரணங்களால் அதைத் திறந்து காட்ட இயலாது என்றும் பிரெஞ்சில் இருந்தது. ஒரு சொல்கூடப் பொய்யில்லை. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் ஒப்பமிட்டு, ஆளுக்கொரு முத்திரை குத்தினார்கள்.

வியாழக்கிழமை மிருணாளினி அரைநாள் விடுப்பெடுத்து இம்மாகுலேற்றோடு ப்ரெபெக்த்தூருக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி அம்மா மற்ற வருடத்துத் தாள்களைப் புரட்டிப் புரட்டிக் கேள்வி கேட்டாள். மின்சாரத் துண்டில் விலாசம் ஏன் மங்கலாக இருக்கிறது, வங்கித் தாளில் ஏன் ஒப்பம் இல்லை என்றெல்லாம் கேட்டாள். சபையின் தாள் வந்தது. மூன்று முத்திரையையும் பார்த்தாள். பாதுகாப்புக் காரணங்களால் என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தாள். மரியாதையோடு தலையசைத்தாள். எல்லாச் சங்கங்களும் இப்படி ஒழுங்காக இருந்தால் எங்களுக்கு வேலை எவ்வளவு சுலபம் என்றும் சொன்னாள்.

தற்காலிக அனுமதித் தாளை இம்மாகுலேற் இரண்டு கையாலும் வாங்கினாள். வாசலுக்கு வந்ததும் அழுதாள். மிருணாளினியும் அழுதாள். பதினொரு வருடம் இந்த நாட்டில் ஒளிந்து ஒளிந்து நடந்தவள் இனி நிமிர்ந்து நடக்கலாம் என்றால் அழத்தானே வேண்டும்.

அப்போது மிருணாளினியின் தொலைபேசி அடித்தது. தவரத்தினம். "பிள்ளை, வாற மாசம் கலைவிழா. முந்நூறு கதிரை இறக்க வேணும். இம்மாகுலேற் தங்கச்சியும் பக்கத்திலை நிக்கிறாவோ?"

மிருணாளினி பார்த்தாள். பிரான்சை விட்டு ஒரு நாளும் நீங்காதவள் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட தாளைக் கையில் வைத்திருந்த இம்மாகுலேற், கண்ணைத் துடைத்தபடியே, மற்றக் கையால் வேண்டாம் வேண்டாமென்று ஆட்டினாள்.

"இல்லை அண்ணை," என்றாள் மிருணாளினி. "அவா லண்டனுக்குப் போயிட்டா. நான்தான் ரயிலேத்திவிட்டனான்."

அன்று மாலையே, விதிமுறைகள் யாவும் பிசகாமல், அது படிமத்தில் பதியப்பட்டது.