சுவருக்குள் போன நம்பர்

சிட்லபாக்கம்,
செவ்வாய்க்கிழமை காலை

கர்த்தருக்குள் அன்பான தங்கை ஞானசுந்தரிக்கு அக்கா ரத்தினபாய் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே மனிதர்கள் எல்லோரும் சுகம், வீடு மட்டும் நாலு பக்கமும் மூன்று விரல் இளைத்துவிட்டது. கூடுவாஞ்சேரியில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று தெரிவிக்கவும். நீ ரிட்டயர்டு டீச்சர், நான் ஐந்தாம் வகுப்பு. அதற்காக இந்தக் கடிதத்தைச் சிவப்பு மையால் திருத்தி வைக்காதே. அந்த ஐந்தாம் வகுப்பிலேயே கையெழுத்துக்கு சோப்பு டப்பா பரிசு வாங்கியவள் நான். உனக்கு அது கிடைக்கவில்லை.

ஈஸ்டரிலிருந்து ஏழு வாரமாக நான் போன் செய்யவில்லை, அக்கா கோபமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. ஈஸ்டர் சாப்பாட்டுக்கு வந்த நீ ஹால் சுவரில் சாய்ந்தாய், உப்புப் பூத்த சுவர், உன் நீலப் பட்டில் வெள்ளையாக உதிர்ந்தது, நீ அதைத் தட்டிவிட்டுக்கொண்டே பாஸ்டரம்மா முன்னால், "அக்கா, உன் சுவத்துக்குப் பொடுகு வந்திருக்கு" என்றாய். பாஸ்டரம்மாவுக்குப் பாயசத்தோடு சிரித்துப் புரையேற, அந்த அம்மா தலையில் தட்டியதும் நான்தான். அதையெல்லாம் அன்றைக்கே மறந்துவிட்டேன். மறுநாள் காலை ஆறு மணிக்கு மகன் ஆபேலை எழுப்பி, இந்தச் சுவரை ஏதாவது செய்கிறாயா, இல்லை நான் கூடுவாஞ்சேரிக்குப் போய் உன் சித்தி வீட்டுச் சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விடட்டுமா என்று கேட்டது தனி விஷயம்.

ஆபேல் போனைத் தடவிப் பார்த்துவிட்டு, பழைய சுவருக்கு மேலேயே ஜிப்சம் போர்டு அடித்துவிடலாம் என்றான். வேர்க்கடலைக்கு வயலில் போடுகிற ஜிப்சத்தைச் சுவருக்கு எதற்குடா போடவேண்டும், சுவர் என்ன காய்க்கப்போகிறதா என்றேன். கிழக்குத் தாம்பரத்திலிருந்து போர்டு வேலை செய்கிற சாம்பசிவன் வந்து, டாக்டர் மாதிரி சுவரில் காதை வைத்துத் தட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, ஏரித் தண்ணிய மொத்தம் இந்தச் சொவுருதான் குட்ச்சிகினு கீது. மொதல்ல ஈரத்த நிறுத்தணும், அப்பால போர்வ போத்திர்லாம்" என்றார். ஈரத்தை நிறுத்தவே மூன்று வாரம் ஆனது.

மூடுவதற்கு முந்தின நாள் ஆபேல் ஒழுங்காகத்தான் சொன்னான். போன் மேஜைக்கு மேலே இருபது வருஷமாக நான் பென்சிலால் எழுதி வைத்திருக்கிற நம்பர்களை, கேஸ், பால்காரர், ஆட்டோ, பல் டாக்டர், எல்லாவற்றுக்கும் மேலே உன் நம்பர், இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னான். "சுவரு எங்கடா ஓடிப்போகுது" என்றேன். அது ஓடவில்லைதான். அதற்கு முன்னால் இன்னொரு சுவர் வந்து நின்றுகொண்டது.

அப்புறம் நடந்ததை என்னவென்று சொல்ல. தகரச் சட்டம் அடித்து, அதன்மேல் போர்டை ஸ்குரூ போட்டு முடுக்கி, இடுக்கு மறைய வெள்ளைப் பட்டி மாவு பூசித் தேய்த்தார்கள். உன் புடவையில் விழுந்தது ஒரு சிட்டிகை, இங்கே சோற்றில் தூள், தலையணையில் தூள், மூடி வைத்த பைபிளில் லேவியராகமம் வரைக்கும் தூள். சுவர் உள்ளே வந்ததால் என் பீரோ முன்னே வந்தது, பீரோ முன்னே வந்ததால் கதவு கட்டிலில் இடித்து ஒரு கை நுழைகிற அளவுக்குத்தான் திறக்கிறது, கையை விட்டு எது மாட்டுகிறதோ அதுதான் புடவை, மூன்று ஞாயிறாக ஒரே கத்தரிப்பூ நிறத்தில் ஆராதனைக்குப் போகிறேன். போர்டைத் தட்டினால் கதவைத் தட்டுகிற சத்தம் வருகிறது, பேத்தி ஜோவிதா அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து நான் வாசலுக்கும் ஹாலுக்கும் நடையாய் நடக்கிறேன். இதற்கெல்லாம் மேலே, ஹால் பேன் ஸ்விட்சை வெளியே எடுக்க மறந்து போர்டுக்குள் வைத்து மூடிவிட்டார்கள், பேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே. அதை நிறுத்த மெயினை அணைக்கவேண்டும், மெயினை அணைத்தால் பிரிட்ஜும் நிற்கும். நாலு நாள் ஜெபப் புத்தகத்தை முழங்கையால் அமுக்கிக்கொண்டுதான் வாசித்தோம்.

சாம்பசிவன் ரம்பத்தோடு வந்து எங்கே வெட்டட்டும் என்றார். போன் மேஜைக்கு மேலே கையைக் காட்டினேன். "ம்மா, ஸ்விட்ச் வாசப்பக்கம்மா" என்றான் ஆபேல். முப்பத்தோரு வருஷம் இந்த வீட்டில் இருக்கிறவளுக்குத் தெரியாதா என்றேன். உள்ளங்கை அகலத்துக்கு வெட்டினார். டார்ச் அடித்துப் பார்த்தேன். கேஸ் நம்பர்தான் தெரிந்தது. ஸ்விட்ச் வாசல் பக்கம் இருந்தது. இப்போது என் ஓட்டையின்மேல் சபைக் காலண்டரை டேப் போட்டு ஒட்டியிருக்கிறது.

"சித்தி நம்பர் என்கிட்ட இருக்கு, தரட்டுமா?" என்றான் ஆபேல். நோட்டில் எழுதச் சொன்னபோது கேட்காதவள் இப்போது அவனிடம் போய் நிற்பதா. வேண்டாம் என்றுவிட்டேன். எனக்கு எண் எதுவும் மனசில் நிற்காது என்பது உனக்கே தெரியும், பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் நின்ற படிப்பு. ஆகவே நம்பர் இல்லாத காரணத்தால் மட்டுமே பேசவில்லை. நீயாவது கூப்பிட்டிருக்கலாம். உன் வீட்டுச் சுவர் என் நம்பரை விழுங்கவில்லையே.

அந்த நீலப் பட்டிலேயே வா. வந்து சுவரில் சாய்ந்து பார். ஆணிக்குத் தாங்காது, ஆள் சாய்ந்தால் தாங்கும் என்கிறார் சாம்பசிவன். நீ எவ்வளவு கனம் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

உனக்கும் உன் முழங்காலுக்கும் ஆண்டவர் பெலன் தருவாராக. ஆபேலும் ஜோவிதாவும் ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
பொடுகில்லாத சுவருக்குச் சொந்தக்காரி,
அக்கா ரத்தினபாய்

பி.கு.: கவரை ஒட்டுவதற்கு முன் கடிதத்தை ஒரு தடவை வாசித்தேன். நீ திருத்துவதற்குள் நானே திருத்துகிறேன். ஓட்டையில் தெரிந்தது கேஸ் நம்பர் இல்லை. உன் நம்பர்தான், பத்து எண்ணும் முழுசாக. இருக்கிறதா என்று பார்க்கத்தான் வெட்டச் சொன்னேன், மற்றபடி அது எனக்கு மனப்பாடம். ஏழு வாரமாகத் தினமும் சாயந்திரம் ஒன்பது எண்ணை அழுத்திவிட்டு, பத்தாவதை அழுத்தாமல் போனை வைத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் பத்தாவதையும் அழுத்துவேன். போனை எடு. பொடுகுப் பேச்சை எடுக்காதே.