ஹட்டனிலிருந்து நீச்சலுடையில்

தானே போட்டுக்கொள்ள முடிந்த உடையைத் தானே கழற்றவும் முடியும் என்று முப்பத்து நான்கு வயது வரை உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். கணித ஆசிரியை வேறு. (பிள்ளைகளுக்குக் கூட்டலும் கழித்தலும் சொல்லிக்கொடுப்பது நான்தான் என்று நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது.)

முதலில் என் உடம்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது எந்தக் காலத்திலும் காலத்துக்கு ஏற்றபடி இருந்ததில்லை. நான் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தபோது, பெண் பிள்ளை என்றால் கன்னம் உப்பியிருக்க வேண்டும், கை உருண்டிருக்க வேண்டும். நானோ குடைக்கம்பி. "ஏன் புஷ்பம், புள்ளைக்கு சோறு போடுறியா, இல்ல காட்டிட்டு மூடி வச்சிருறியா?" என்று கொழுந்து பறிக்கும் பெண்கள் அம்மாவைக் கேட்பார்கள். அம்மா வெட்கப்பட்டு முட்டை, டானிக், வாழைப்பழம் என்று எனக்குள் திணித்தார். அவை எல்லாம் பதினைந்து வருடம் உள்ளே எங்கோ ஒளிந்திருந்துவிட்டு, எனக்கு வேலை கிடைத்த பிறகு ஒரேயடியாக வெளியே வந்தன. அதற்குள் ஒல்லிப் பெண்களின் காலம் வந்துவிட்டது. பிறகு அதுவும் போய், வயிறு ஒட்டியிருக்க வேண்டும், அதற்கு மேலும் கீழும் மட்டும் ஒட்டியிருக்கக் கூடாது என்று புதிய சுற்றுநிருபம் வந்தது. என் உடம்பு அதைத் தலைகீழாக வாசித்துவிட்டது.

நீச்சலுடை என்பதும் எனக்குத் தெரிந்த வரையில் ஒன்றுதான். மலையிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் விழும் பீலிக்கரையில், பாவாடையை நெஞ்சுக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு பெண்கள் குளிப்பார்கள். அதற்கு அளவு கிடையாது. குச்சிக்கும் கட்டலாம், பிள்ளைத்தாய்ச்சிக்கும் கட்டலாம். யாரும் யாரையும் பார்த்துப் பெருமூச்சு விட்டதில்லை. நடுங்கவே நேரம் சரியாக இருந்தது.

அம்மா இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. தம்பி கட்டார் நாட்டில் வேலையில். நான் ஹட்டனில் ஒரு வீட்டின் மாடியில் தனியறையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தைக்குப் போய் வேண்டாத மரக்கறிக்கும் விலை கேட்பேன், நாலு வார்த்தை பேசலாமே என்று. மழை பெய்தால் அதுவும் இல்லை. கேத்தல் கொதித்து விசிலடித்தால் "வர்றேன், வர்றேன்" என்று பதில் சொல்வேன். (அன்றைக்கு நான் பேசிய முதல் வார்த்தையாகக்கூட அது இருக்கும்.)

அந்த நிலையில்தான் பயிற்சிக் கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்த மூன்று தோழிகளும் வாட்ஸ்அப்பில் ஒரு திட்டம் போட்டார்கள். நுவரெலியாவில் சுடுநீர் நீச்சல்குளம் உள்ள ஓட்டலில் ஒரு சனிக்கிழமை முழுவதும் நான்கு பேரும் சேர்ந்திருப்பது. "எல்லாரும் ஸ்விம்சூட்தான்டி! சாட்டு சொல்லக் கூடாது!" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். பக்கத்தில் சிரிக்கும் முகங்கள் ஆறு. நான் முகங்களைக் கவனிக்கவில்லை. சுவர்க் கலண்டரில் தேதியை வட்டமிட்டேன்.

இணையத்தில் வாங்கினேன். கருநீலம். இடுப்பில் கொசுவம், நெஞ்சில் இரண்டு பஞ்சுத் தட்டுகள், முதுகில் இடுப்பிலிருந்து கழுத்து வரை ஜிப். படத்தில் இருந்த பெண்ணுக்கு வயிறே இல்லை, சோறு எங்கே போகிறதோ. அளவு கேட்டபோது நான் என்னவாக இருக்கிறேன் என்பதைச் சொல்லாமல், தோழிகள் என்னைக் கடைசியாகப் பார்த்தபோது என்னவாக இருந்தேன் என்பதைச் சொல்லிவிட்டேன்.

சனி காலை ஆறு மணி. அவர்கள் முன்னால் உடை மாற்றும் தைரியம் இல்லாததால் உள்ளே போட்டுக்கொண்டே போய்விடுவது என்று முடிவு. ஜிப்பின் நாக்கில் ஒரு கயிற்றைக் கட்டி, தோளுக்கு மேலாக இழுத்தேன். ஏறியது. பாதியில் நின்றது. சுவரில் காலை முட்டுக்கொடுத்துச் சுண்டி இழுத்தேன். ஜிப் கழுத்துக்குப் போனது; கயிறும் நாக்கும் என் கையோடு வந்தன.

கண்ணாடியில் பார்த்தேன். இறுக்கிக் கட்டிய பஞ்சு மூட்டை.

இறக்க வழியில்லை. கீழ்வீட்டு அம்மா மகள் வீட்டுக்குப் போயிருந்தார். ஐயா மட்டும் இருந்தார். கைபேசியை எடுத்து மேலிருந்து கீழே ஒவ்வொரு பெயராகத் தள்ளினேன். அதிபர், காஸ்காரர், தையல்காரர், மாணவர்களின் பெற்றோர் அறுபது பேர். 'கொஞ்சம் வந்து என் முதுகைப் பாருங்க' என்று சொல்ல அந்தப் பட்டியலில் ஒருவரும் இல்லை. அது வரைக்கும் அதை அப்படி எண்ணிப் பார்த்ததில்லை. கட்டிலில் உட்கார முயன்றேன். உடை அனுமதிக்கவில்லை.

(வெட்டியிருக்கலாமே என்பீர்கள். புதுசு, மனம் வரவில்லை.) தோழிகள் கழற்றிவிடுவார்கள் என்று சல்வாரை மேலே மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். தலவாக்கலை, நானுஓயா என்று நின்றபடியே வளைவுக்கு வளைவு மூச்சைத் தவணை முறையில் விட்டேன். பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா, "இடுப்பு புடிச்சிருச்சா? மொளகு எண்ணெ தேய்ங்க" என்றார். நன்றி சொல்லத் தலையாட்டக்கூட முடியவில்லை.

ஓட்டல் வாசலில் கைபேசியைப் பார்த்தேன். ஒருத்தியின் குழந்தைக்குக் காய்ச்சல். இன்னொருத்தியின் வீட்டுக்கு மாமியார் வந்துவிட்டார். மூன்றாமவள், "அவளுங்க ரெண்டு பேரும் இல்லாம என்னடி, இன்னொரு நாள் பாப்போம்" என்று எழுதியிருந்தாள். அந்தக் கணக்கில் நான் எந்த இடத்தில் வருகிறேன் என்று சிறிது நேரம் யோசித்தேன். பிறகு "பரவாயில்லடி, நானும் இன்னும் கெளம்பல" என்று எழுதி ஒரு சிரிக்கும் முகம் போட்டேன்.

திரும்பிப் போனாலும் கழற்ற ஆள் இல்லை. உள்ளே போனேன்.

குளத்தருகே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் துவாய்களை மடித்துக்கொண்டிருந்தார். பெயர் அந்தோனியம்மா என்று சட்டையில் இருந்தது. அவரிடம் கேட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை. நீந்தத்தான் வந்தவள் மாதிரி சல்வாரைக் கழற்றி, துவாயைச் சுற்றிக்கொண்டு நின்றேன். எல்லோரும் என்னைப் பார்ப்பதாக உடம்பு கூசியது. 'எல்லோரும்' என்பது ஒரே ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. எழுபது வயதுக்கு மேல். இரண்டே துண்டு உடை, வயிற்றில் மூன்று மடிப்பு, நடுவில் பெரிய ஆபரேஷன் தழும்பு. மல்லாந்து மிதந்தபடி கூரையைப் பார்த்துத் தனக்குத்தானே ஏதோ பாடிக்கொண்டிருந்தார். நானென்று ஒருத்தி வந்தது அவருக்குத் தெரியவே தெரியாது.

எனக்கு நெஞ்சளவு தண்ணீர்தான். இறங்கியதும் கொசுவம் குடை மாதிரி விரிந்து மேலே வந்தது. அதை அமுக்கினேன். இடது பஞ்சுத் தட்டு கழுத்து வழியாக நழுவி வெளியேறி, அமைதியாக மிதந்து நேரே பாட்டியிடம் போனது. அவர் அதை எடுத்து, நீரைப் பிழிந்து, மிகுந்த மரியாதையோடு என்னிடம் நீட்டினார்.

நெஞ்சில் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் மைதானமாக நின்றுகொண்டு நான் சொன்னேன்: "நாட் மைன், மேடம்."

சொல்லிவிட்டுக் கௌரவமாகப் பின்வாங்கியதில் கால் வழுக்கியது. நெஞ்சளவு தண்ணீரில் முழுதாக மூழ்கினேன். மேலே வந்தபோது இலை அள்ளும் நீளக் கம்பு ஒன்று முகத்துக்கு முன்னால் நின்றது.

"புடிங்க மிஸ், புடிங்க! காலை ஊனுங்க, ஆழமில்ல!"

அந்தோனியம்மா என்னை இழுத்து, உடை மாற்றும் அறையில் கொண்டுபோய் நிறுத்தினார். அதற்குமேல் மானம் காக்க எதுவும் மிச்சமில்லை.

"அக்கா, ஜிப்ப எறக்கி விடுறீங்களா? காலையில இருந்து மாட்டிக்கிச்சு."

"காலையிலயா? எங்கேருந்து வர்றீங்க?"

"ஹட்டன்."

"ஹட்டன்லேருந்து இதுக்குள்ளயேவா வந்தீங்க? மாதாவே!"

ஜிப்பில் சவர்க்கார நுரையைத் தடவிப் பார்த்தார். நகரவில்லை. கத்தரிக்கோலை எடுத்தார். "மூச்ச உள்ள இழுங்க. இன்னும் கொஞ்சம்."

"இதுக்கு மேல இழுத்தா செத்துருவேன்கா."

டப்பென்று ஒரு சத்தம். ஆறரை மணி நேரத்துக்குப் பிறகு முழு மூச்சு விட்டேன். முதுகு முழுக்கத் தையல் தடம் சிவந்திருந்ததாம். அவர் துவாயை எடுத்து மெதுவாக மேலிருந்து கீழே ஒற்றத் தொடங்கினார். யாராவது என் முதுகைத் தொட்டு இரண்டு வருடம் ஆகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது. சின்ன அழுகை இல்லை, மூக்கு வழிகிற அழுகை.

"ஐயோ, வெட்டிட்டேனா? எங்க, காட்டுங்க!"

"இல்லக்கா."

"பின்ன ஏன் அழுவுறீங்க? தனியாவா வந்தீங்க?"

"கூட்டாளிங்க வர்றாங்க," என்றேன். கொஞ்சம் கழித்து, "வரலக்கா" என்றேன்.

அவர் பையிலிருந்து தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்தார். அதைத் திறந்து ரொட்டியையும் காரமான கட்டச்சம்பலையும் நீட்டினார். மாற்று உள்ளாடை ஹட்டனில் கட்டில்மேல் மடித்து வைத்தபடியே இருக்கிறது என்பதை அப்போதுதான் நினைத்துக்கொண்டேன். தன் உள்பாவாடையையும் ஸ்வெட்டரையும் தந்தார். பாவாடை என்னை இரண்டு சுற்றுச் சுற்றியது. பல வருடங்களுக்குப் பிறகு நான் மறுபடி ஒல்லியாக இருந்தேன்.

"அடுத்த ஞாயித்துக்கெழமை லீவு. அக்கரப்பத்தனையில நம்ம வீட்டுக்கு வந்து குடுத்துட்டுப் போங்க டீச்சர்," என்றார். பேச்சோடு பேச்சாக என் வேலை, ஊர், அம்மா எல்லாவற்றையும் கேட்டு முடித்திருந்தார்.

பாவாடையைத் துவைத்து மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கணவர், மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதுமே அடக்க முடியாமல் சிரித்தார்கள். அக்கா ஒரு வாரம் முழுக்க நடித்தே காட்டியிருக்கிறார்.

அது நடந்து நாலு வருடம். இப்போதும் மாதம் இரண்டு ஞாயிறு அங்கேதான். கதை வளர்ந்துவிட்டது. அந்தப் பஞ்சுத் தட்டு போன நத்தார்ப் பண்டிகைக்குத் தலையணை அளவு ஆகியிருந்தது. பாட்டி அதைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தாராம். நான் திருத்துவதில்லை. எங்காவது அக்காவுக்கு ஞாபகம் தடுக்கினால் எடுத்துக் கொடுக்கிறேன்.

அந்த வீட்டில் இப்போது எந்தப் பொருளுக்கும் யாரும் பொறுப்பேற்பதில்லை. கழுவாத கோப்பை, ஒற்றைக் காலுறை, உடைந்த பென்சில், எதைத் தூக்கிக்காட்டி "இது யாருது?" என்று மருமகள் கேட்டாலும், "நாட் மைன், மேடம்!" என்று வீடே கத்தும்.

போன ஞாயிறு வாசல் கூட்டும்போது மருமகள் ஒரு ஜோடி ரப்பர் செருப்பைத் தூக்கிக்காட்டினாள். எல்லோரும் கத்தினார்கள், நானும்தான். அது என் செருப்பு. ஒவ்வொரு முறையும் எதற்குத் தூக்கிச் சுமப்பது என்று ஒரு வருடத்துக்கு முன்பே அங்கே விட்டுவிட்டேன்.