புளித்த கம்பும் சிலுப்பியின் தொண்டையும்

ஒரு காட்டில் ஒரு கோழி இருந்தாள். காடு என்றதும் சிங்கத்தையும் புலியையும் தேடாதீர்கள். கொங்கு நாட்டில் கம்பும் சோளமும் விதைக்கிற மேட்டு நிலத்துக்கும் காடு என்றுதான் பெயர். அந்தக் காட்டு நடுவே ஓர் ஓட்டு வீடு, வீட்டுக்குப் பின்னால் ஒரு புறக்கடை, புறக்கடையில் ஐந்து பெட்டைகளும் ஒரு சேவலும். சிங்கம் இல்லாத குறையைச் சேவல் தீர்த்துவைத்தது.

நம் கோழியின் பெயர் சிலுப்பி. இறகெல்லாம் பின்னோக்கிச் சுருண்டு, யாரோடோ சண்டை போட்டுவிட்டு வந்தவள் மாதிரியே எப்போதும் இருப்பாள். உண்மையில் அலகுக்குள் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள். இருபது நாளாக அவளுக்கு இறகு உதிர்ந்துகொண்டிருந்தது. இறகு உதிரும்போது முட்டை நின்றுபோகும். புது இறகு முளைத்த பிறகுதான் திரும்பவும் இடுவாள். இது இயற்கை. ஆனால் விருந்து வைக்கிறவர்கள் இயற்கையை எங்கே விசாரிக்கிறார்கள்?

ஒரு சனிக்கிழமை காலையில் வீட்டுக்காரி துளசிமணி புறக்கடையில் நின்று தன் அக்காவோடு கைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள்.

"வர்ற ஞாயித்துக்கெழமைக்கு அடுத்த ஞாயிறு புது மாப்பள விருந்துக்கு வர்றாருங்க்கா. கடையில எதுக்குக் கறி? ஊட்டுலயே அஞ்சு கோழி கெடக்குது. முட்ட வெக்காததா ஒண்ணப் புடிச்சு அடிச்சுப்போட்டாப் போச்சு."

சிலுப்பி விழுங்கிக்கொண்டிருந்த புழு பாதி வழியில் நின்றுவிட்டது. ஐந்து பெட்டைகளில் முட்டை வைக்காதவள் ஒருத்திதான். அது யார் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அதே கைபேசியில் அன்றைக்கே வேறொரு சங்கதியும் வந்தது. தொப்பி வைத்த ஒருவர் ஒரு வாளியைக் காட்டி, "புளிக்க வைத்த தானியம் போடுங்கள், முட்டை இரட்டிப்பாகும்" என்று சத்தியம் பண்ணினார். துளசிமணி உடனே இரண்டு பழைய பெயிண்ட் டப்பாக்களைக் கழுவி, கம்பும் சோளக் குருணையும் கொட்டி, தானியத்துக்கு மேல் நான்கு விரற்கடை தண்ணீர் நிற்கும்படி ஊற்றி மூடினாள். மனிதர்கள் கம்மங்கூழைப் புளிக்க வைத்துக் காலங்காலமாகக் குடித்துவருகிறார்கள். அதைக் கோழிக்கும் போடலாம் என்று தெரிந்துகொள்ள ஒரு கைபேசி வாங்க வேண்டியிருந்தது.

ஒரு டப்பாவைத் தினம் இரண்டு முறை கிளறிவிட்டாள். விறகுக்குப் பின்னால் வைத்த இன்னொன்றை மறந்தே போனாள்.

செவ்வாய்க்கிழமை முதல் டப்பா தயார். மேலே நுரை, உள்ளே குமிழி, ஆப்பமாவு மாதிரி ஒரு வாசம். துளசிமணி ஒரு தட்டில் ஊற்றி வைத்துவிட்டுப் போனாள். ஐந்து பெட்டைகளும் பாய்ந்தார்கள். அப்போதுதான் சேவல் கொண்டைராசு அவர்கள் குறுக்கே வந்து இறக்கையை விரித்தார்.

"அம்மிணிகளா, நில்லுங்க! தீனி கொஞ்சம், அலகு நெறைய. இனிமே வரிசை. வரிசைக்கு டோக்கன்."

டோக்கன் என்பது ஒரு புளியங்கொட்டை. தட்டுக்குப் போய்ச் சேரும்வரை அதை அலகில் கவ்விக்கொண்டே நிற்க வேண்டும். கீழே விழுந்தால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். கொண்டைராசு கெட்டவர் அல்ல. லஞ்சமாக ஒரு வெட்டுக்கிளியைக்கூட வாங்கமாட்டார். அதனால்தான் அவரோடு பேசுவது அவ்வளவு கஷ்டம்.

சிலுப்பியின் முறை வந்தபோது அவர் ஒரு பூவரச இலையை நீட்டினார். அதில் காலால் கட்டம் கட்டமாகக் கீறியிருந்தது.

"புளிச்ச தீனி முட்ட வெக்கறவங்களுக்கு மட்டுந்தான் அம்மிணி. வெக்காதவங்க இந்தப் படிவத்த நெரப்பி, கூட ரெண்டு முட்டைய இணைச்சுக் குடுக்கோணும்."

"அண்ணா, இந்தத் தீனியத் தின்னாத்தான் முட்ட வருமுன்னு சொல்றாங்க?"

"ஆமா அம்மிணி."

"முட்ட வெச்சாத்தான் இந்தத் தீனியத் தருவீங்களா?"

"ஆமா அம்மிணி."

"அப்ப நான் என்னதானுங்ணா பண்றது?"

கொண்டைராசு கொண்டையைச் சாய்த்து, இலையை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "அதுக்குத் தனியா ஒரு படிவம் இருக்கோணும். நாளைக்கு வந்து பாரு" என்றார்.

சிலுப்பி புதன்கிழமையும் போனாள். அந்தப் படிவத்துக்கு இலை இன்னும் முளைக்கவில்லை என்று பதில் வந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். ஐந்து பெட்டைகளும் வைக்கோல் பரப்பிய ஒரே மண்சட்டியில்தான் முட்டையிடுவார்கள். எந்தக் கோழி இட்டது என்று முட்டையில் பெயரா எழுதியிருக்கிறது? சட்டிப் பக்கத்தில் நின்று கொக்கரிக்கிறவள்தான் இட்டவள் என்பது துளசிமணியின் கணக்கு. அதுவரை அந்தக் கணக்கு தப்பியதே இல்லை. டோக்கன் வந்த பிறகு அலகில் புளியங்கொட்டை இருக்க, எவளால் கொக்கரிக்க முடியும்? பெட்டைகள் ஓடிவந்து முட்டையைப் போட்டுவிட்டு, சத்தம் காட்டாமல் வரிசைக்கே திரும்பி ஓடினார்கள். நாள் தவறாமல் இடுகிற மயிலிகூட அப்படித்தான்.

வியாழக்கிழமை மனசு விட்டுப்போய், சிலுப்பி விறகுக்குப் பின்னால் அழப் போனாள். அங்கே அந்த மறந்துபோன டப்பா இருந்தது. மூடி விலகியிருந்தது. ஐந்து நாள் வெயில் குடித்த கம்பு; நுரையெல்லாம் அடங்கி, வாசம் கள் இறக்குகிற பனைமரத்துப் பக்கமாகப் போயிருந்தது. அவளுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? படிவம் இல்லாத தீனி என்பது மட்டும் தெரிந்தது. வயிறு முட்டத் தின்றாள்.

கொஞ்ச நேரத்தில் சுற்றுச்சுவர் மெல்லக் குனிந்து அவளுக்கு வணக்கம் சொன்னது. அவளும் பதிலுக்குச் சொன்னாள். பிறகு நேராக, அதாவது அவளால் முடிந்த அளவு நேராக, மண்சட்டிக்கு நடந்தாள். உள்ளே மயிலி அப்போதுதான் இட்டுவிட்டுப் போன முட்டை சூடாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் இருபது நாள் துக்கமும் ஒரேயடியாகப் பொங்கிவந்தது. சிலுப்பி சட்டியின் விளிம்பில் ஏறி நின்றாள். வாழ்நாளில் அப்படிக் கொக்கரித்ததில்லை.

துளசிமணி ஓடிவந்தாள். முட்டையைப் பார்த்தாள். சிலுப்பியைப் பார்த்தாள்.

"அட என்ர கண்ணு! மறுக்கா ஆரம்பிச்சுட்டயா? புளிச்ச கம்பு வேலை செஞ்சுபோட்டுது பாரு!"

நல்ல டப்பாவிலிருந்து ஒரு கை அள்ளி சிலுப்பிக்கு முன்னால் வைத்தாள். டோக்கனும் இல்லை, படிவமும் இல்லை. கொண்டைராசு பார்த்துக்கொண்டே நின்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் சிலுப்பிக்குத் தலை பாறாங்கல்லாகக் கனத்தது. போதை தெளிந்ததும் வெட்கம் வந்தது. செய்தது தப்பு என்று அவளுக்கே தெரிந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை நினைத்தபோது அது அவ்வளவு பெரிய தப்பாகத் தெரியவில்லை. அன்றைக்குத் தெளிந்த புத்தியோடு போய் இரண்டு முட்டைகளுக்குக் கொக்கரித்தாள்.

மயிலி அலகோரமாக, கொட்டை விழாமல் கேட்டாள்: "அக்கா, அது நான் வெச்சதில்ல?"

"நீ வெச்சதுதான் சாமி. அனாதையாக் கெடந்துது. நான் கொஞ்சம் சொல்லி வெச்சேன்."

"சேரிக்கா. வரிசை நகருது" என்று மயிலி ஓடிவிட்டாள்.

சனிக்கிழமை நான்கு முட்டைகள். நான்குக்கும் சிலுப்பியின் குரல்தான். ஒரு கோழி ஒரே நாளில் நான்கு முட்டை வைக்குமா என்று துளசிமணி ஒரு கணம் யோசித்தாள். இரட்டிப்பாகும் என்றுதானே தொப்பிக்காரர் சொன்னார்? ஒன்று இரண்டாயிற்று, இரண்டு நான்காயிற்று. கணக்கு சரியாகவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சின்ன வெங்காயம் உரித்தாயிற்று, மல்லி வறுத்தாயிற்று. துளசிமணி புறக்கடைக்கு வந்து வரிசையைப் பார்வையிட்டாள். மயிலி மேல் கண் நின்றது.

"இதுகிட்ட அஞ்சாறு நாளாச் சத்தமே காணோம். முட்ட வெக்கறதில்லையாட்ட இருக்குது. தின்னு தின்னு கொழுத்துக் கெடக்குது."

இறக்கையைச் சேர்த்துப் பிடித்துத் தூக்கினாள். மயிலி கத்தவில்லை. கத்தினால் டோக்கன் விழுந்துவிடும், அவள்தான் அடுத்தவள்.

சிலுப்பி ஓரடி முன்னால் வந்து நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் மயிலி பிழைப்பாள். அந்த ஒரு வார்த்தை சொன்னால் குழம்புச் சட்டிக்குள் யார் போவார்கள் என்பதும் தெரிந்தது. பாவம் மயிலி, பாவம் மயிலி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே வானத்தைப் பார்த்தாள். அங்கே ஒரு மேகம் மிகவும் முக்கியமாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது கொண்டைராசு பாய்ந்து வந்தார். இறக்கையிடுக்கில் பூவரச இலைப் பதிவேடு.

"ஏனுங்ம்மா, அநியாயமுங்! மயிலி ஆறு முட்டைங்! சிலுப்பி ஒண்ணுகூட இல்லீங்! தேதி போட்டு எழுதியிருக்கறனுங், பாருங்!"

நியாயத்தின் குரல் மனிதர் காதில் எப்படி விழும்? கொக்கரக்கோ என்றுதான் விழுந்தது. அதுவும் பகல் பதினொரு மணிக்கு.

"உச்சி நேரத்துல கூவற சேவல இப்பத்தான் பாக்கறேன். கூறுகெட்டது!"

கொண்டைராசு விடவில்லை. எகிறி அவள் கையில் ஏறி, ஆறாவது கட்டத்தைத் தொட்டுக் காட்டுவதாக நினைத்து, மணிக்கட்டில் ஒரு கொத்து கொத்தினார். துளசிமணி மயிலியைக் கீழே போட்டாள். போட்ட கையாலேயே அவரைப் பிடித்தாள்.

"எப்புடியும் மாப்பளைக்குச் சேவக்கறிதான் மருவாதி" என்றபடி உள்ளே போனாள். கீழே விழுந்த பதிவேட்டை வெள்ளாடு தின்றது.

கறி கொஞ்சம் முறுக்காக இருந்ததாக மாப்பிள்ளை சொன்னாராம். இருக்காதா பின்னே? உயிரோடு இருந்தவரை யாருக்கும் வளைந்து கொடுக்காதவர்.

சிலுப்பிக்கு வருத்தமாகத்தான் இருந்தது. மூன்று கொத்துத் தீனி உள்ளே போகும்வரை இருந்தது. அதன் பிறகு டோக்கனும் போயிற்று, வரிசையும் போயிற்று. எல்லோரும் புளித்த கம்பை இஷ்டம்போல் தின்றார்கள். முட்டைகள் குவிந்தன. சிலுப்பி விடியலிலிருந்து பொழுது சாய்கிறவரை எல்லாவற்றுக்கும் கொக்கரித்தாள், பழக்கம் விடவில்லை.

புளித்த கம்பின் மகிமையைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. அடுத்த சனிக்கிழமை சிலுப்பிக்குப் புது இறகு பளபளவென்று முளைத்திருந்தது. அன்று காலை அவள் நிஜமாகவே ஒரு முட்டையிட்டாள். பழுப்பு நிறம், நல்ல பருமன். அந்தப் புறக்கடையில் அப்படி ஒரு முட்டை அதுவரை விழுந்ததில்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. சட்டியின் விளிம்பில் ஏறி நின்று அலகைத் திறந்தாள்.

கிர்ர் என்றது. ஒரு வாரமாகக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. மறுபடி முயன்றாள். காற்றுதான் வந்தது.

அந்தப் பக்கம் துளசிமணியின் குரல் கேட்டது. "ஆமாங்க்கா, நாளைக்கு மாப்பளயோட அண்ணன் குடும்பம் வருது. சிலுப்பி சத்தமும் காத்தாலருந்து காணோம். அது நின்னுபோச்சாட்ட இருக்குது."

சிலுப்பி கீழே குதித்து ஓடினாள், எப்படியாவது அவளைக் கையோடு கூட்டிவந்து காட்டிவிடலாம் என்று. பாதி தூரம் போயிருக்கமாட்டாள். பின்னாலிருந்து கணீரென்று ஒரு கொக்கரிப்பு எழுந்தது. திரும்பிப் பார்த்தாள். அவளுடைய முட்டைக்கு மேலே மயிலி நின்றிருந்தாள். அலகில் புளியங்கொட்டை இல்லை.

"அனாதையாக் கெடந்துதுக்கா" என்றாள் மயிலி. "நான் கொஞ்சம் சொல்லி வெச்சேன்."

நீதி: முட்டை இன்று வராவிட்டால் நாளை வரும். தொண்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்.