தண்டால் முதலாளி

ஜவுளிக்கடை முதலாளிகளைத் தமிழ்நாடு எத்தனையோ பார்த்திருக்கும். முகூர்த்தப் புடவைக்கு விலை கேட்டு நிற்கும் இரண்டு சம்பந்தி வீட்டாரையும் பார்த்து, "செத்த இருங்க, பத்துத் தண்டால் எடுத்துட்டு வந்து வெலை சொல்றேன்" என்று உள்ளே போன முதலாளி, எனக்குத் தெரிந்து, எங்கள் கீரனூர்க் கடைத்தெருவில் இருந்தவர் ஒருவர்தான்.

அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் தண்டால் முதலாளி. உள்ளே அலமாரிகளுக்கு நடுவிலிருந்து 'உஸ், உஸ்' என்று சத்தம் வரும். சம்பந்திகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். வேட்டியை இறக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்து அவர் சொல்லும் விலைக்கு மறுவிலை கிடையாது. பேரம் பேசியே தீருவது என்று வந்தவர்களுக்கும், அந்த மூச்சைக் கேட்ட பிறகு பேசத் தோன்றாது.

விடிகாலையில் நூறு தண்டால், நூறு பஸ்கி, அப்புறம் திருச்சி ரோட்டில் நடை. முதல் பஸ் டிரைவர் அவரை எந்த மைல்கல்லில் தாண்டுகிறோம் என்பதைப் பார்த்துத்தான் பஸ் லேட்டா இல்லையா என்று தெரிந்துகொள்வாராம். இது கொஞ்சம் மிகை. டிரைவரிடம் கைக்கடிகாரமும் இருந்தது.

ஜவுளிக்கடை என்றால் வெள்ளை உறை போட்ட மெத்தை, ஒரு திண்டு, திண்டில் சாய்ந்த முதலாளி. இவர் ஒரு நாள் மெத்தையைச் சுருட்டிப் பரண்மேல் போட்டுவிட்டார். கடை திறக்குமுன் சிப்பந்திகள் வரிசையாக நின்று இருபது பஸ்கி போடவேண்டும் என்று சட்டமும் போட்டார். துணி எடுக்க வருகிறவர்கள் இதைப் பள்ளிக்கூடம் என்று நினைத்துத் திரும்பிப் போகிறார்கள் என்று மூத்த சிப்பந்தி முறையிட்டுப் பார்த்தார். அவருக்கு மட்டும் பத்தாகக் குறைந்தது.

நான் அப்போது பி.ஏ. முடித்துவிட்டு உள்ளூர்ப் பள்ளியில் தற்காலிக வாத்தியார். எனக்கு வாரம் ஒரு பைத்தியம் பிடிக்கும். ஒரு வாரம் சுருக்கெழுத்து, மறுவாரம் புகைப்படம். தேகப்பயிற்சிப் பைத்தியம் பிடித்த வாரத்தில் அவரிடம் போய்ச் சேர்ந்தேன். அது மட்டும் விடவில்லை. தினமும் சாயங்காலம் அவர் கடைக்குப் போய், இங்கிலீஷ் பத்திரிகைகளில் நாடி, இருதயம், நுரையீரல் என்று வருவதையெல்லாம் தமிழில் சொல்வேன். அவர் கேட்டுவிட்டுத் தன் கட்சியைச் சொல்வார்.

"ரத்தம் காலுக்குப் போயித் திரும்பி வந்தாத்தான் மண்டை வெளுக்கும், வாத்தியாரே. துணி மாதிரிதான். அலசணும்."

அலசிய மண்டை என்ன செய்யும் என்பதை, கஜம் போய் மீட்டர் வந்த வருஷத்தில் ஊரே பார்த்தது. மற்ற கடைகளில் கஜக்கோலும் மீட்டர் கோலும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்க, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் எது எந்தக் கோல் என்று தெரியாமல் முதலாளிகள் தூங்கி விழுந்தார்கள். இவர் மத்தியானம் அரைவயிறு கேழ்வரகுக் கூழோடு சரி. நின்ற நிலையிலேயே கஜத்தை மீட்டராக்கி, மீட்டரைச் சட்டையாக்கி, அந்தச் சட்டையில் பை வைக்கத் துணி மிஞ்சுமா என்பது வரை சொல்லிவிடுவார். மூன்று வருஷத்துக்கு முன் வந்த இலுப்பூர்க்காரர் எந்தக் கரை வேட்டி எடுத்தார் என்பதும் நினைவிருக்கும்.

தான் பெற்ற இன்பத்தை வையகத்துக்குத் தரவேண்டும் என்று ஒரு முறை கடைத்தெரு வியாபாரிகளையெல்லாம் பஸ்ஸில் ஏற்றிச் சித்தன்னவாசலுக்குக் கொண்டுபோனார். ஓவியம் பார்க்கப் போகிறோம் என்றுதான் அவர்களிடம் சொல்லியிருந்தது. குகையின் வாசலில் கூட நிற்கவிடாமல், நேரே பாறைமேல் ஏற்றினார். மேலே சமணத் துறவிகள் படுத்த கல் படுக்கைகள் இருக்கின்றன. அவற்றைக் காட்டி, "பாருங்க. கல்லுல படுத்தாங்க. முதுகுவலின்னு ஒருத்தராச்சும் எழுதி வச்சிருக்காங்களா?" என்றார்.

மூச்சு வாங்கியபடி பின்னால் ஏறி வந்த ஒரு பெரிய சரீரம் பதில் சொன்னது: "அவங்களுக்குக் கடையுமில்ல, கண்ணாலமுமில்ல. வலிக்கிறதுக்கு என்னண்ணே இருக்கு?"

அந்தச் சரீரம் அவருடைய ஒரே தம்பி, சின்ன முதலாளி. அண்ணன் கடைக்கு நேர் எதிர்க்கடை. பாகம் பிரிந்ததிலிருந்து இருவருக்கும் சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. நல்லது கெட்டதில் பார்த்துக்கொள்வதோடு சரி. தம்பி கடையில் மெத்தை உண்டு, திண்டு இரண்டு. சிரித்துக்கொண்டே இருப்பார். சிரிக்கும்போது திண்டுகளும் குலுங்கும்.

அன்று இறங்கும்போது, இந்தக் கூத்தெல்லாம் யாருக்காக என்று எனக்குத் தெரியவந்தது. பாறைச் சரிவில் என்னைப் பிடித்து நிறுத்தி, முதலாளி மெதுவாகச் சொன்னார். அவருடைய அப்பா நாற்பது வயதில், கடை மெத்தையில் சாய்ந்தபடியே மாரடைப்பில் போனார். பெரியப்பாவும் அப்படியே, நாற்பத்தொன்றில். "நான் தாண்டிட்டேன், வாத்தியாரே. அவனுக்கு இப்ப முப்பத்தெட்டு." அவ்வளவுதான் சொன்னார். கீழே தம்பி, புளியோதரை மூட்டையை யார் வைத்திருக்கிறார்கள் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

தம்பியை நடக்கவைக்க அவர் செய்த சூழ்ச்சியை எந்த ராஜதந்திரியும் செய்திருக்கமாட்டான். தம்பிக்குப் பணியாரம் என்றால் உயிர். கடைத்தெருவில் பணியாரம் சுடும் அம்மாளை அண்ணன் ரகசியமாகப் பார்த்து, அடுப்பைத் திருச்சி ரோட்டுக்கு மாற்றவைத்தார். தம்பி விடிகாலையில் அங்கே நடந்தார். அடுத்த வாரம் அடுப்பு இன்னும் ஒரு பர்லாங்கு தள்ளிப்போனது. அதற்கடுத்த வாரம் இன்னும் ஒன்று. சித்திரையில் தொடங்கியது, ஆனிக்குள் ஒரு மைலைத் தாண்டிவிட்டது. அண்ணன் தற்செயலாகப் போவதுபோல் கூடவே நடப்பார். நடுவில் நான்.

"என்னண்ணே, இந்தம்மா வாரா வாரம் கொஞ்சங் கொஞ்சமாத் திருச்சிக்குக் குடிபோகுதா?" என்று ஒரு நாள் தம்பி கேட்டார்.

அண்ணன் சிரித்துவிட்டார். பாகம் பிரிந்து ஆறு வருஷத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். தம்பியும் சிரித்தார். விஷயம் தெரிந்த பிறகும் அவர் நடையை நிறுத்தவில்லை. பணியாரம் கூட எட்டிலிருந்து நாலுக்கு வந்தது.

ஆடித் தள்ளுபடிக்குள் எதிர்க்கடை மாறியிருந்தது. சின்ன முதலாளி மத்தியானத்தில் குறட்டை விடவில்லை. மீட்டர் கோலை எடுத்தால் மீட்டர்தான் அளந்தார். வந்த பெண்களின் பிள்ளைகள் எந்த வகுப்பு என்று கேட்டார். ரகம் பிரித்து அடுக்குவது, தையல்காரர்களுக்கு ஆள் அனுப்புவது எல்லாம் காலையிலேயே முடிந்தது. ஒரு திண்டு பரணுக்குப் போனது. அண்ணன் தன் கடையில் நின்று இதையெல்லாம் பார்ப்பார். வாடிக்கைக்காரர் இரண்டு தரம் கூப்பிட்டால்தான் திரும்புவார்.

புரட்டாசியில் ஒரு காலை, அண்ணன் கடையில் தீபாவளிச் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. தம்பியும் நானும் மட்டும் நடந்தோம். மேட்டில் ஏறும்போது அவர் நின்றார். இடது கையைப் பிடித்துக்கொண்டார். தோளிலிருந்து விரல் வரை வலிக்கிறது, பத்து நாளாக வந்து வந்து போகிறது என்றார். இதைப்பற்றிப் பத்திரிகையில் பக்கம் பக்கமாகப் படித்தவன் நான். இன்றைக்கே திருச்சியில் டாக்டரைப் பார்ப்போம் என்றேன்.

"தீபாவளி கழியட்டும், வாத்தியாரே. இப்பச் சொன்னா அண்ணன் ரெண்டு கடையவும் பூட்டிட்டு என்னையத் தூக்கிட்டுப் போயிருவாரு. வருசத்துக்கு ஒரு சீசன். சொல்லிராதீங்க." கொஞ்சம் நடந்துவிட்டு, "நடையவும் நிப்பாட்டிருவாரு. அப்பறம் என்னத்தப் பேசுறது?" என்றார்.

ஜவுளிக்கடைக்காரர்களுக்கு எல்லாமே தீபாவளி கழிந்துதான். காதுகுத்து, வீட்டுக்கு வெள்ளையடிப்பது, பல் பிடுங்குவது. கேட்டுக் கேட்டு எனக்கும் அது நியாயமாகவே பட்டுவிட்டது. ஊருக்கெல்லாம் ஆரோக்கியம் போதித்த நான், சரி என்று தலையாட்டினேன்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், உச்சிவேளை, தெரு நிறைய ஜனம். சின்ன முதலாளி சட்டைத்துணி அளந்துகொண்டிருந்தார். இரண்டாவது மீட்டரில் கோலைப் பிடித்தபடியே நிறுத்தினார். எண்ணிக்கை விட்டுப்போயிற்று போலிருக்கிறது என்று எதிரே நின்றவர் நினைத்து, "ரெண்டுங்க" என்று எடுத்துக்கொடுத்திருக்கிறார். அவர் துணியின் மேலேயே சாய்ந்தார். எதிர்க்கடையிலிருந்து அண்ணன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்து, அவரைத் தனியாளாகத் தூக்கினார். அத்தனை வருஷத் தண்டாலும் அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் பயன்பட்டது. ஆஸ்பத்திரி வாசலில், கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மெத்தையில் சும்மா கிடந்தவனை நடக்கவிட்டே கொன்றுவிட்டார் என்று ஊர் பேசியது. கேட்கும்படியாகவே பேசியது. முதலாளி தண்டாலை விட்டார், நடையை விட்டார். கார்த்திகை முழுவதும் கடையில் ஒரு மூலையில் இருந்தார். மீட்டர் கேட்டவருக்குக் கஜம் கிழித்தார். பழைய வாடிக்கைக்காரர்களைப் பார்த்து, எந்த ஊர் என்று கேட்டார்.

என்னால் அதற்குமேல் பொறுக்கமுடியவில்லை. ஒரு சாயங்காலம் போய், கைவலியையும் நான் கொடுத்த வாக்கையும் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன்.

அவர் எதிர்க்கடையைப் பார்த்தபடியே இருந்தார்.

"தெரியும், வாத்தியாரே. மேட்டுல ஏறையில அவன் பேச்சு நின்னுரும். எனக்குக் கேக்காதா? நானும் தெரியாத மாதிரி நடையக் கொறச்சுக்குவேன்." மீட்டர் கோலைத் தள்ளிவைத்துவிட்டு, "டாக்டருக்கிட்டப் போவம்டான்னு நாக்கு நுனி வரைக்கும் வரும். பாவம், மொத மொதலா நல்ல சீசன் பாக்குறான், தீபாவளி கழியட்டும்னு இருந்துட்டேன்" என்றார்.

மூன்று பேரும் ஒரே வார்த்தையைத்தான் நினைத்திருக்கிறோம்.

தை பிறந்ததும் அவர் எழுந்துகொண்டார். தம்பிக்கு இரண்டு பெண் குழந்தைகள். அதுகள் ஆளாகும் வரை இரண்டு கடைகளுக்கும் ஒரு மண்டைதான், அது கலங்கக்கூடாது என்றார். மறுபடி தண்டால், மறுபடி நடை. தெருவைக் குறுக்கே கடந்து கடந்து இரண்டு கடைகளையும் பார்த்தார். ஊர் பேசுவதை நிறுத்தியது.

அடுத்த வருஷம் தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. அதைவிடப் பெரிய வியாபார நாள் கீரனூரில் இல்லை. இரண்டு கடைகளிலும் கால் வைக்க இடமில்லை. நான் வாசலில் நின்று, யாரிடமோ பேச்சுவாக்கில், காலையிலிருந்து நெஞ்சில் ஏதோ அடைக்கிறது என்று சொல்லிவிட்டேன். முதலாளி உள்ளே துணி கிழித்துக்கொண்டிருந்தார். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

அரைமணியில் இரண்டு கடைகளும் சாத்தியாகிவிட்டன. பாதி அளந்த துணியோடு நின்ற ஜனங்களிடம், நாளைக்கு வாங்க என்பதைத் தவிர ஒரு சொல் சொல்லவில்லை. என் கையைப் பிடித்தவர் பஸ் நிலையம் வரை விடவில்லை. நேற்றுத் தின்ற பஜ்ஜியாக இருக்கும் என்று நான் கெஞ்சியது காதில் விழவில்லை. திருச்சியில் டாக்டர் தட்டிப்பார்த்து, கேட்டுப்பார்த்து, படம் எடுத்துப்பார்த்து, வெறும் வாயு என்றார். முதலாளி மூன்று தரம் கேட்டார். மூன்றாவது தரம் டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் என்னை உட்காரவைத்தார். எனக்கு வெட்கம் தாங்கவில்லை. ஒரு பஜ்ஜிக்காக ஒரு சீசனையே கெடுத்துவிட்டேனே என்றேன். "கெடட்டும்" என்றார். அதற்குள் தூக்கத்தில் கண் சொருகிவிட்டது. திருச்சி எல்லையைத் தாண்டுமுன்பே, மெல்லிய குறட்டையோடு அவர் தலை என் தோளில் சாய்ந்தது.

கீரனூர் வந்தது. கண்டக்டர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். நான் உதட்டில் விரலை வைத்துக்காட்டி, அந்தப் பஸ் மேற்கொண்டு போகும் புதுக்கோட்டைக்கு இரண்டு டிக்கெட் வாங்கினேன்.