கேக் உண்டு

இரண்டு கைகளாலும் கேக்கை ஏந்திக்கொண்டு, சமையலறைக் கதவை இடுப்பால் தள்ளித் திறந்து தெல்மா மண்டபத்துக்குள் வந்தபோது, முன்வரிசையில் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர் மடியில் நனைந்த மழைக்கோட்டு. நான்காமவர் மடியில் நனைந்த நாய்.

"யாருங்க நீங்கள்லாம்?"

"பாக்க வந்திருக்கோம்," என்றார் நாய்க்காரர்.

"எதை?"

அவர் தெல்மாவின் கையிலிருந்ததைப் பார்த்தார். மற்ற மூவரும் பார்த்தார்கள். நாயும் பார்த்தது.

"கேக் இருக்கு. அப்ப சரியான இடம்தான்," என்று சிவப்புக் கண்ணாடி போட்ட அம்மாள் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஜூலை வந்தால் ஹார்பெக் ஊருக்கு இதே கதிதான். கலைவிழா. யார் வேண்டுமானாலும் பேர் கொடுக்கலாம், எங்கே வேண்டுமானாலும் மேடை போடலாம். உனக்குத் திறமை இருக்கிறதா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். இறைச்சிக் கடையின் பின்கட்டில் கவிதை வாசிப்பார்கள். சலவைக் கடையில் துணி சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஒருத்தி பெட்டிமேல் ஏறி நின்று தன் மாமியாரைப் பற்றிப் பேசிச் சிரிக்க வைப்பாள். போன வருடம் பேருந்து நிறுத்தத்தில் புலம்பிக்கொண்டிருந்த ஒரு மனிதரைச் சுற்றி நின்று கூட்டம் கைதட்டியது. பாவம், அவர் நிஜமாகவே பேருந்தைத் தவறவிட்டவர்.

தெல்மாவுக்கு இந்த விழாவே ஆகாது. தேவாலய மண்டபத்தின் சாவி அவளிடம்தான் இருந்தது. விழா முடிந்தபின் தரையிலிருந்து வண்ணக் காகிதத் துணுக்குகளைச் சுரண்டி எடுப்பதும் அவள்தான். விழாக்காரர்கள் வீட்டுக்கு வீடு போடும் நிகழ்ச்சிப் புத்தகத்தை அவள் ஒருநாளும் திறந்ததில்லை. ஆடுகிற சாப்பாட்டு மேசையின் கால் ஒன்றுக்கு அதைத்தான் முட்டுக் கொடுத்திருந்தாள்.

ஆனால் இன்றைக்கு மண்டபம் விழாவுக்கு இல்லை. இன்றைக்கு அவளுடைய அக்கா எனிட்டுக்குக் கல்யாணம். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக இங்கே வருவார்கள். தேநீர், சாண்ட்விச், கேக்.

எனிட்டுக்கு அறுபத்தேழு வயது. ஊர் நாடக அரங்கில் டிக்கெட் கொடுத்தே காலத்தைக் கழித்தவள். மங்கல் கண்ணாடிக்குக் கீழே கை நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. அதன் வழியாக டிக்கெட் வரும், சில்லறை வரும். ஊருக்கு அவளுடைய விரல்களைத்தான் தெரியும். முகம் தெரியாது. அப்படிப்பட்டவளை ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் நார்மன் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்.

"கல்யாணத்துக்குப் பத்து பேருக்கு மேல வேணாம்டி," என்று எனிட் சொல்லியிருந்தாள். "மண்டபத்துக்கு நானே பேசிட்டேன். நீ கேக்கை மட்டும் பாத்துக்க."

தெல்மா தலையாட்டினாள். அவளுக்குத் தெரியாதா? அக்காவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு இதே மண்டபத்தில் நூறு நாற்காலி போட்டு வைத்தவள் அவள்தானே. எனிட் கதவிடுக்கில் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான். தெல்மா தேநீர்ப் பாத்திரத்தை மூடிவிட்டுத் திரும்புவதற்குள் சமையலறை ஜன்னல் வழியாகக் குதித்து ஓடிவிட்டாள். அன்றைக்கு மழை, தொலைக்காட்சியில் கால்பந்து வேறு. வந்ததே ஆறு பேர்தான். வராதவரைக்கும் நல்லது, கூச்ச சுபாவக்காரி தாங்கியிருக்க மாட்டாள் என்று தெல்மா அன்றைக்குத் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

இன்றைக்கு அக்கா ஓடினால், நார்மன் என்கிற நல்ல மனிதரையும் விட்டுவிட்டல்லவா ஓடுவாள்?

"இங்க ஷோ எதுவும் கிடையாதுங்க," என்றாள் தெல்மா, கேக்கை மேசையில் வைத்துவிட்டு. "இது கல்யாண விருந்து."

நான்கு பேரும் சிரித்தார்கள்.

"ஆரம்பமே பிரமாதம்!" என்றாள் சிவப்புக் கண்ணாடி.

"ஐயோ, நிஜமாத்தாங்க சொல்றேன்!"

"மூஞ்சியைப் பாருங்களேன், கொஞ்சமும் சிரிக்கல," என்று நாய்க்காரர் வியந்தார். "அதுதாங்க நடிப்பு."

தெல்மா மண்டபக் கதவை அகலத் திறந்து, தெருவைக் காட்டினாள். நால்வரும் மறுபேச்சுப் பேசாமல் எழுந்தார்கள். நாற்காலியை ஒழுங்காகத் தள்ளி வைத்தார்கள். வெளியே போய், மழையில், ஒருவர் பின்னால் ஒருவராக நின்றார்கள்.

அங்கேதான் தெல்மா தவறு செய்தாள். அந்த ஊர்க்காரர்கள் வரிசையைப் பார்த்தால் சும்மா தாண்டிப் போகிறவர்கள் இல்லை. எதற்கு நிற்கிறார்கள் என்று தெரியாவிட்டாலும் முதலில் பின்னால் போய் நின்றுகொள்வார்கள், விசாரணை அப்புறம். சாண்ட்விச்சுகளை அடுக்கிவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தபோது வரிசை தபால் பெட்டியைத் தாண்டியிருந்தது.

மஞ்சள் பனியன் போட்ட விழாத் தொண்டர் பிப்பா குடையோடு வந்து வரிசையைச் சரி செய்துகொண்டிருந்தாள். தெல்மா ஓடிப்போய் அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"பிப்பா! என்னடி இது?"

"'கேக் உண்டு' ஷோவுக்குக் கூட்டம். அதான் தலைப்பு. புத்தகத்துல போட்டிருக்கே, நீ பாக்கலையா?"

தெல்மா மேசைக் காலை நினைத்துக்கொண்டாள்.

"ரத்து பண்ணு."

"நான் எப்படிப் பண்றது? பேர் குடுத்தவங்கதான் ரத்து பண்ணணும்."

"எந்த வீணாப்போனவன் பேர் குடுத்தான்?"

"அதைச் சொல்லக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டாங்க. ரொம்பக் கூச்சப்படுறவங்க."

"ஊரைக் கூட்டிச் சிரிக்க வைக்கிறவனுக்குக் கூச்சமா? அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும், கரண்டியாலேயே போடுறேன்!"

பிப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் வரிசையின் நடுவில் ஒரு குடை காற்றில் திரும்பிக்கொள்ள, அவள் அங்கே ஓட வேண்டியதாயிற்று.

தெல்மா ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் 'இங்கே நிகழ்ச்சி இல்லை' என்று எழுதிக் கதவில் ஒட்டினாள். வரிசையில் ஒரு மகிழ்ச்சி அலை ஓடியது. எல்லோரும் போனை எடுத்துப் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பினார்கள். 'இந்த மாதிரி அட்டை வச்சா உள்ள சரக்கு இருக்குன்னு அர்த்தம்' என்று ஒருவர் தம் மனைவிக்கு விளக்கினார். அந்த நண்பர்கள் எதிர் மதுக்கடையிலிருந்து கோப்பையோடு இறங்கி வந்து சேர்ந்துகொண்டார்கள்.

சரி, உள்ளே கூப்பிட்டு உண்மையைச் சொல்லி மொத்தமாக அனுப்பிவிடலாம் என்று நினைத்தாள் தெல்மா. கதவைத் திறந்தாள். இடம் கொண்ட மட்டும் உள்ளே வந்தார்கள். மிச்சப் பேரைப் பிப்பா மழைக்கு ஒதுக்காக மண்டபத்தின் பின்சந்துக்குத் திருப்பி, அங்கே வரிசையை நிறுத்தினாள். நாற்காலிகள் நிறைந்தன, சுவரோரம் நிறைந்தது. தெல்மா மேடையேறினாள். வாழ்நாளில் முதல் தடவை. கையில் கேக் வெட்டும் கத்தி இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

"எல்லாரும் வீட்டுக்குப் போங்க!"

மண்டபம் அதிர்ந்தது. நாய்க்காரர் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க!"

இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள்.

தெல்மாவின் கண்ணில் நீர் முட்டியது. "எங்க அக்காவுக்கு இன்னிக்குக் கல்யாணங்க. அறுபத்தேழு வயசுல. கூட்டத்தைப் பாத்தா அவளுக்கு ஆகாது. ஜன்னல் ஏறிக் குதிச்சு ஓடிடுவா. போன தடவையே முழங்கால் போச்சு. இந்தத் தடவை நார்மனும் போயிடுவாரு. நல்ல மனுஷங்க அவரு. அவளுக்காக ஒரு பேருந்தையே திருப்பிட்டு வந்தவரு..."

சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக நின்றது. சிவப்புக் கண்ணாடி அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"நிஜமாத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டாள்.

"நான் அப்போலேருந்து அதைத்தானே சொல்றேன்!"

"ஐயய்யோ, மன்னிச்சுக்குங்க." மண்டபம் முழுவதும் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தது. தெல்மாவிடம் கேட்டார்கள், பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்கள். கேக்கை முகர்ந்ததற்காக நாயின் சார்பில் நாய்க்காரர் கேட்டார். வெளியே போகலாம் என்று எழுந்தார்கள்.

அப்போது தெருவில் கார் நிற்கும் சத்தம் கேட்டது.

"போச்சு! வந்துட்டா!" தெல்மா கத்தியைக் கேக் பக்கத்தில் போட்டுவிட்டு நெஞ்சில் கை வைத்தாள். "முன்வாசல் வழியாப் போகாதீங்க, பாத்துடுவா!"

"ஒளிஞ்சுக்குங்க!" என்றார் நாய்க்காரர், படைத்தலைவர் மாதிரி.

அவ்வளவு பேர் அவ்வளவு மரியாதையாக ஒளிந்ததை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மேடைத் திரைக்குப் பின்னால் ஒரு கூட்டம், நீளத் துணி விரித்த மேசைகளுக்கு அடியில் ஒரு கூட்டம், கழிப்பறையில் ஒரு கூட்டம். "நீங்க முதல்ல", "இல்லங்க, நீங்க", "உங்க காலா அது?", "பரவாயில்லங்க, மிதிச்சுக்குங்க." மூச்சடங்கியதுபோல் மண்டபம் அமைதியானது.

எனிட் உள்ளே வந்தாள். நீல உடை, தலையில் சின்னத் தொப்பி. பக்கத்தில் நார்மன், கழுத்துப்பட்டை கோணலாக. பின்னால் நெருங்கிய சொந்தம் ஏழு பேர்.

எனிட் நாற்காலிகளைப் பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள்.

"யாருமே வரலையா?"

"ஒரு ஈ, காக்கா இல்ல!" என்றாள் தெல்மா பெருமையாக. "நீ கேட்டபடியே பண்ணிட்டேன்க்கா."

எனிட்டின் உதடு நடுங்கியது. அவள் நார்மனைப் பார்த்தாள். நார்மன் தம் ஷூவைப் பார்த்தார். பிறகு எனிட்டின் கண்கள் மெல்லச் சமையலறைப் பக்கம் திரும்பின. அங்கேதான் அந்த ஜன்னல்.

தெல்மாவுக்குத் தலை சுற்றியது. யாருமே இல்லாதபோது இவள் எதற்கு ஓடப் பார்க்கிறாள்?

கேக் மேசைக்கு அடியில் நாய் தும்மியது.

"ஆண்டவன் உன்னை ஆசீர்வதிக்கட்டும்," என்று மேசைக்கடியிலிருந்து ஐந்தாறு குரல்கள். அந்த ஊரில் தும்மினால் அப்படிச் சொல்லாமல் அவர்களால் இருக்கவே முடியாது. திரைக்குப் பின்னால் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் திரையைப் பிடிக்க, திரை கம்பியோடு கழன்று விழுந்தது. கையில் கோப்பைகளோடு நிற்கும் கூட்டம் வெளிச்சத்துக்கு வந்தது. மேசைத்துணிகள் உயர்ந்தன. கழிப்பறைக் கதவு திறந்து, ஆட்கள் வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள்.

தெல்மா பாய்ந்து போய்ச் சமையலறைக் கதவை இரண்டு கைகளாலும் மறித்துக்கொண்டாள்.

"அக்கா, ஓடாத! சத்தியமா நான் கூப்பிடல! எவனோ ஒருத்தன் நம்ம மண்டபத்தைக் குடுத்து ஊர ஏமாத்தியிருக்கான். அன்னிக்கு நூறு நாற்காலியைப் பாத்து ஓடின மாதிரி..."

"நாற்காலியைப் பாத்துத்தான் ஓடினேன் தெல்மா," என்றாள் எனிட். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. ஆனால் வாய் சிரித்தது. "எல்லாம் காலியா இருந்துச்சேடி."

தெல்மாவின் கைகள் கதவிலிருந்து தாமாக இறங்கின.

எனிட் கத்தியை எடுத்துக் கேக்கை வெட்டி, முதல் துண்டைச் சிவப்புக் கண்ணாடி அம்மாளிடம் நீட்டினாள். அந்த அம்மாள் துண்டைப் பார்க்கவில்லை. அதை நீட்டிய கையைப் பார்த்தாள்.

"இந்த விரலை எனக்குத் தெரியுமே!" என்று கத்தினாள். "டிக்கெட் கவுண்டர்!"

அப்போது வாசற்கதவைத் தள்ளிக்கொண்டு, மஞ்சள் பனியன் சொட்டச் சொட்டப் பிப்பா உள்ளே நுழைந்தாள்.

"அப்பாடா, வந்துட்டீங்களா எனிட்!" என்றாள் அவள், மூச்சு வாங்க. "நாலு பேராவது வருவாங்களான்னு வாரா வாரம் வந்து கேட்டீங்களே, இப்ப பின்சந்துல வரிசை பாலத்தைத் தாண்டிப் போயிட்டிருக்கு. உங்க ஷோவுக்கு இன்னும் எத்தனை பேரை உள்ள விடட்டும்?"